குடிக்கிற மருந்தா, தேய்க்கிற மருந்தா?



சென்ற சில இதழ்களில் பிள்ளைகளின் வீட்டுப் பாடத்தைப் பற்றியே எழுதி வந்தேன். இந்தத் தடவை பெரியவர்கள் பக்கம் திரும்பலாம் என்றிருக்கிறேன். கூலாய்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாயார் அனுப்பியிருக்கும் கடிதம்தான் அதற்குக் காரணம். தமிழ் படிப்பாராம், மலாய் பேசுவாராம், ஆங்கிலத்தில் மட்டும் ஒரு சொல்கூடத் தெரியாதாம். இந்த வயதுக்குமேல் எங்கே தொடங்குவது என்று கேட்கிறார்.

ஒரு சொல்கூடத் தெரியாது என்று எழுதிய அம்மையார் அதே கடிதத்தில் பஸ், கிளினிக், டாக்டர், பில், சிலிப், போன், டைம் என்று ஏழு ஆங்கிலச் சொற்களைத் தாராளமாக எழுதியிருக்கிறார்! எண்ணிப் பார்த்துவிட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. பெட்டி நிறையப் பணத்தை வைத்துக்கொண்டு சாவியைக் காணோம் என்று தேடுகிறவரின் நிலைதான் இது.

இப்படிக் கூசி நிற்பதில் நம்மவர்கள்மேல் குற்றம் சொல்வதற்கில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் ஆங்கிலப் பள்ளி பட்டணத்தில் இருந்தது. தோட்டத்தில் இருந்தது தமிழ்ப் பள்ளி. 1970-ஆம் ஆண்டு முதல் தீபகற்பத்தின் ஆங்கில ஆரம்பப் பள்ளிகள் முதலாம் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மலாய் மொழிக்கு மாறின. 2003-இல் தமிழ்ப் பள்ளியிலும் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் நடந்தன; 2009-இல் அத்திட்டம் கைவிடப்படும் என்று அறிவிப்பு வந்தது. ஆகவே ஒரே வீட்டில் தாத்தாவுக்கு ஓர் ஆங்கிலம், தாய்க்கு ஓர் ஆங்கிலம், பிள்ளைக்கு வேறோர் ஆங்கிலம் என்று ஆகிவிட்டது. பிள்ளை விடியுமுன் எழுந்து பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விடுகிறது. வீட்டில் இருக்கும் பெரியவர் கையில் ஒரு தாள் வந்து விழுந்தால், அது திரும்பி வரும் இரவு வரையில் காத்திருக்கிறார்.

சரி, பெட்டியைத் திறப்போம்.

நம் தோட்டத்துப் பேச்சையே எடுத்துக்கொள்ளுங்கள். லயன் வீடு என்கிறோமே, அந்த லயன் ஆங்கிலத்தில் வரிசையைக் குறிக்கும் ‘லைன்’தான். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு இருக்கிறதே, அது ‘பரேட்’ என்ற பட்டாளத்துச் சொல். செக்ரோல், ஸ்டோர், டிரெஸ்ஸர், கூப்பன், லோரி எல்லாமே அப்படி வந்தவைதாம். வண்டியைப் பின்னால் எடுப்பதற்கு நம் நாட்டில் சீனரும் மலாய்க்காரரும் நம்மவரும் ஒன்றுபோல ‘கோஸ்டன்’ என்கிறோம். அது கப்பற்காரர்களின் ‘கோ அஸ்டெர்ன்’ என்ற கட்டளை. கப்பலைப் பின்புறமாகச் செலுத்து என்று பொருள். கடலில் பிறந்த சொல் நம் செம்பனைக் காட்டு மண் சாலையில் லோரிக்குப் பின்னால் நின்று கூவப்படுகிறது. ஆனால் இங்கிலாந்துக்காரரிடம் போய்க் கோஸ்டன் என்றால் விழிப்பார். அவருக்கு ‘ரிவர்ஸ்’ என்று சொல்ல வேண்டும்.

ஒன்றை மட்டும் பிரித்துப் பார்த்துக்கொள்வது நல்லது. அந்நியச் சொல் என்றால் எல்லாம் ஆங்கிலம் என்று நினைத்துவிடக் கூடாது. ஜன்னல், சாவி, அலமாரி, மேசை ஆகியவை போர்த்துகீசியர் விட்டுச் சென்றவை. மலாய்க்காரரும் ஜெண்டேலா, அல்மாரி, மேஜா என்று அவற்றையே வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் இவற்றுக்குப் பெயர் விண்டோ, கீ, கப்போர்ட், டேபிள். மிஸி என்று நாமும் மலாய்க்காரரும் கூப்பிடும் தாதியை ஆங்கிலத்தில் நர்ஸ் என்பார்கள். இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஆங்கிலேயன் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டு போனதும் கொஞ்சமல்ல. கறி, கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் எல்லாம் அவன் அகராதியில் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. கடன் வாங்கியவர் நாம் மட்டுமல்ல. ஆகவே தலை குனிய வேண்டியதில்லை.

அடுத்து, மலாய் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு ஆங்கிலத்தில் பாதி வழி ஏற்கெனவே கடந்தாயிற்று. போலீஸ், தெக்சி, திக்கெட், கவுண்டர், பார்மசி, ஆம்புலன்ஸ் என்று மலாயில் புழங்கும் சொற்களெல்லாம் ஆங்கிலத்திலிருந்து வந்தவை. மலாய்க்காரர் அவற்றைக் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டார்கள். இதனால் நமக்கு ஒரு பெரிய நன்மை. ஆங்கிலேயன் எழுதுவது ஒன்று, சொல்வது ஒன்று. பணம் கட்டியதற்குக் கொடுக்கும் ரசீதை அவன் ஏழு எழுத்துப் போட்டு எழுதுவான். நடுவில் ‘பி’ என்ற எழுத்து வரும், ஆனால் வாயில் வராது. மலாயில் அதையே ஆர், இ, எஸ், ஐ, டி என்று ஐந்தே எழுத்தில் முடித்துவிட்டார்கள். அதைப் படித்தால் ‘ரிசீட்’ என்ற ஆங்கில ஒலி ஏறக்குறைய அப்படியே கிடைக்கிறது. ஆஸ்பத்திரியில் ‘வார்ட்’ என்ற சொல்லுக்கு மலாயில் டபிள்யூ, ஏ, டி மூன்றே எழுத்து. ஆங்கிலச் சொல்லை எப்படி உச்சரிப்பது என்ற சந்தேகம் வந்தால் பக்கத்திலிருக்கும் மலாய்ச் சொல்லைப் பாருங்கள். பெரும்பாலும் அது கை காட்டிவிடும்.

அதே மலாய் ஓர் இடத்தில் காலை வாரியும் விடும். மலாயில் ‘சி’ என்ற எழுத்து எப்போதும் ‘ச’ ஒலிதான். ஆங்கிலத்தில் பெரும்பாலும் அது ‘க’. என் வகுப்பில் ஆண்டு தவறாமல் யாராவது ஒரு பிள்ளை பூனைப் படத்தைப் பார்த்துக்கொண்டே ‘சாட்’ என்று படிக்கும். ‘கம்’ என்பதைச் ‘சோமே’ என்று படிக்கும். பிள்ளை மக்கு அல்ல. ஒரு மொழியின் சட்டத்தை ஒழுங்காகக் கற்று இன்னொரு மொழியில் போட்டுப் பார்க்கிறது. பெரியவர்களுக்கும் இதே வழுக்கல் வரும். ‘சி’-க்குப் பின்னால் ‘இ’, ‘ஐ’, ‘ஒய்’ வந்தால் ‘ஸ’ ஒலி, மற்றபடி ‘க’ ஒலி என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பு வராது. சிட்டி, சிகரெட், சென்ட்; கார், கப், கோட்.

கோட் என்றதும் நம் தமிழெழுத்தின் தொல்லை நினைவுக்கு வருகிறது. மேல்சட்டையும் கோட், ஆடும் கோட்! தமிழில் ‘க’ ஒன்றுதான். கல் என்னும்போது ஒரு விதமாகவும் தங்கம் என்னும்போது வேறு விதமாகவும் நாம் ஒலிக்கிறோம், எழுத்தில் வேறுபாடு தெரிவதில்லை. ஆங்கிலத்தில் இந்த வேறுபாடு பொருளையே மாற்றிவிடும். கிளாஸ் என்றால் வகுப்பா, கண்ணாடிக் குவளையா? டை என்றால் கழுத்தில் கட்டுவதா, செத்துப்போவதா? ஆஸ்பத்திரிக் கவுண்டரில் நின்றுகொண்டு ‘பில்’ என்றால் மாத்திரையைக் கேட்கிறீர்களா, கட்டணச் சீட்டைக் கேட்கிறீர்களா?

இதற்கு ஒரு சுலபமான பயிற்சி சொல்கிறேன். உள்ளங்கையை வாய்க்கு நேரே பிடித்துக்கொள்ளுங்கள். மாத்திரை என்ற பொருளில் ‘பில்’ என்னும்போது உதடு திறந்தவுடன் ஒரு மூச்சுக் காற்று கையில் மோத வேண்டும். நாம் பல் என்று சொல்வதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே ஊத வேண்டும். கட்டணம் என்ற பொருளில் சொல்லும்போது காற்று மோதக் கூடாது; அம்பு என்பதில் வருகிற ‘ப’ அது. நாம் ஊதாமல் சொல்வதால்தான், மாத்திரை கேட்டால் கட்டணம் கேட்டதாக மற்றவர் காதில் விழுகிறது. கோட், டை, கிளாஸ் எல்லாவற்றுக்கும் இதே கை வைத்தியம்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு நாள் பள்ளி விட்டு நான் புறப்படும் நேரத்தில், மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் பாட்டி வாசலில் வந்து நின்றார். முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஒரு சிறு போத்தலை எடுத்து நீட்டினார். “டீச்சர், இது குடிக்கிற மருந்தா, தேய்க்கிற மருந்தா? மருமக வாங்கி வச்சிட்டுப் போயிருச்சு. எனக்கு எழுத்துத் தெரியல” என்றார். அந்தப் போத்தலில் ஆங்கில எழுத்து நான்கு வரிதான் இருந்தது. மூன்றாவது வரி ‘ஃபார் எக்ஸ்டர்னல் யூஸ் ஒன்லி’. வெளிப்பூச்சுக்கு மட்டுமே, உள்ளே சாப்பிடக் கூடாது என்று பொருள். பாட்டி கேட்டாரே, அதுவரையில் நல்லது. கேட்கக் கூச்சப்பட்டு மூடியைத் திறந்திருந்தால்?

ஆங்கிலம் எங்கே தொடங்குவது என்று என்னைக் கேட்டால், பாடப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் அல்ல, அந்தப் போத்தலில் தொடங்குங்கள் என்பேன். ‘இது பேனா, அது நாற்காலி’ என்று தொடங்குகிற புத்தகங்கள் கடையில் நிறைய உண்டு. பேனாவைப் பேனா என்று சொல்லத் தெரியாமல் இதுவரை யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை.

‘எக்ஸ்டர்னல்’ என்ற சொல்லை எப்படி மனத்தில் நிறுத்துவது? பேரங்காடியிலும் பஸ் நிலையத்திலும் வெளியே போகும் வழிக்கு ‘எக்ஸிட்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பொருளை வெளிநாட்டுக்கு அனுப்புவது எக்ஸ்போர்ட். இ, எக்ஸ் என்று தொடங்கினால் பல இடங்களில் வெளி என்ற பொருள் ஒளிந்திருக்கும். அதற்கு எதிர் ‘இன்’. உள்ளுக்குச் சாப்பிடுவது இண்டர்னல். மலாயில் இதே எச்சரிக்கையில் ‘லுவார்’ என்ற சொல் வரும். லுவார் என்றால் வெளி என்று தெரியாதவர் நம்மில் யார்?

அடுத்தது வேளைக் கணக்கு. ‘ஒன்ஸ்’ ஒரு தடவை, ‘டுவைஸ்’ இரண்டு தடவை, ‘திரீ டைம்ஸ்’ மூன்று தடவை. ‘எ டே’ என்றால் ஒரு நாளில். ஒன்ஸ் என்ற இந்தச் சின்னச் சொல் அமெரிக்காவில்கூட வம்பு செய்யக் கூடியது. அங்கே ஸ்பானிய மொழி பேசுகிறவர்கள் நிறைய. அவர்கள் மொழியில் அதே நான்கு எழுத்துக்குப் பதினொன்று என்று பொருள். நாளைக்கு ஒன்று என்று எழுதியதை ஒருவர் பதினொன்று என்று படித்தால் என்ன ஆவது! ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்களுக்கு இது தோன்றவே தோன்றாது.

நம் கிளினிக்குகளில் சில சமயம் பையின்மேல் முழுச் சொல்லுக்குப் பதிலாக எழுத்துகளை மட்டும் கிறுக்கிக் கொடுப்பார்கள். ஓ.டி. என்றால் நாளைக்கு ஒரு வேளை, பி.டி. இரண்டு வேளை, டி.டி.எஸ். மூன்று வேளை. இவை ஆங்கிலமே அல்ல, லத்தீன் மொழிச் சுருக்கங்கள். ஆங்கிலம் படித்தவர்களிலும் பலருக்கு இவை விளங்குவதில்லை. ஆகவே புரியவில்லை என்று கேட்க வெட்கப்பட வேண்டாம். ‘பிஃபோர் ஃபுட்’ சாப்பாட்டுக்கு முன், ‘ஆஃப்டர் ஃபுட்’ சாப்பாட்டுக்குப் பின். ‘ஷேக் வெல்’ நன்றாகக் குலுக்கு. சளி, இருமல், அரிப்புக்குக் கொடுக்கும் மருந்துகள் சிலவற்றில் ‘டிரவுஸி’ என்று தொடங்கும் ஒரு சொல் இருக்கும். தூக்கக் கலக்கம் வரும் என்று பொருள். அதைச் சாப்பிட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறக் கூடாது. செம்பனைக் குலை வெட்டும் நீளக் கத்தியையும் தூக்கக் கூடாது. ‘எக்ஸ்பயரி’ காலாவதி; பெரும்பாலும் இ, எக்ஸ், பி என்று மூன்று எழுத்தும் பக்கத்தில் மாதமும் ஆண்டும் மட்டும் இருக்கும்.

போத்தலிலோ அட்டையிலோ பெரிய எழுத்தில் இருப்பது வியாபாரப் பெயர். கீழே சின்ன எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பெயர். இந்தச் சின்ன எழுத்தைப் பார்க்கும் பழக்கம் வேண்டும். பனடோல் அட்டையைத் திருப்பிப் பாருங்கள், ‘பாராசிட்டமோல்’ என்றிருக்கும். வேறு பெயரில் விற்கும் காய்ச்சல் மாத்திரையிலும், சளிக்கு வாங்கும் மாத்திரைகள் பலவற்றிலும் அதே பாராசிட்டமோல் இருக்கும். பெயர் வேறு, நிறம் வேறு என்று நினைத்து இரண்டையும் சேர்த்து விழுங்கினால் ஒரே மருந்தை இரட்டிப்பாகச் சாப்பிட்டதாகும். அளவு மீறினால் ஈரலைக் கெடுக்கும். பாராசிட்டமோல் என்ற ஒரு சொல்லை அடையாளம் காணத் தெரிந்துகொள்வது நூறு பேனா நாற்காலிக்குச் சமம்.

மருந்து என்ற நம் சொல்லிலேயே ஓர் ஆபத்து இருக்கிறது. காய்ச்சலுக்குக் கொடுப்பதும் மருந்து, புல்லுக்கு அடிப்பதும் மருந்து! “மருந்தடிக்கப் போகிறேன்” என்று எத்தனை தாய்மார்கள் முதுகில் தோம்பைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மலாயில் ஊபாட் வேறு, ராச்சுன் வேறு. ஆங்கிலத்தில் ‘மெடிசின்’ வேறு, ‘பாய்சன்’ வேறு. இந்த ஓர் இடத்தில் மற்ற இரு மொழிகளும் நம் தோட்டத்துத் தமிழைவிடத் தெளிவாக இருக்கின்றன என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நெடுங்காலம் தோட்டங்களில் அடித்த பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. விழுங்கினால் அதற்கு மாற்று மருந்து கிடையாது. மற்ற களைக்கொல்லிகளும் பூச்சிக்கொல்லிகளும் இன்னும் புழக்கத்தில் உள்ளன. பாய்சன், டேஞ்சர், ‘கீப் அவுட் ஆஃப் ரீச் ஆஃப் சில்ட்ரன்’ இவற்றை எழுத்தாகப் பார்த்தவுடன் அறிந்துகொள்ள வேண்டும். கடைசியாகச் சொன்னது, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வை என்பது. மிச்சம் மீதியை ஆரஞ்சுத் தண்ணீர் போத்தலில் ஊற்றி அடுக்களையில் வைக்கிறவர்களுக்கு எந்த மொழிச் சொல்லும் உதவாது. மூலப் போத்தலிலேயே இருக்கட்டும், எழுத்தோடு.

நாள், எண் இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘டியூஸ்டே’ செவ்வாய், ‘தர்ஸ்டே’ வியாழன். போனில் கேட்கும்போது இரண்டும் ஒன்றுபோல் விழும். கிளினிக்கில் நாள் குறித்துக் கொடுத்தால் கிழமையோடு தேதியையும் கேட்டு வாங்குங்கள். ‘ஃபிஃப்டீன்’ பதினைந்து, ‘ஃபிஃப்டி’ ஐம்பது. பதினைந்துக்குக் கடைசி அசையை நீட்டி அழுத்துவார்கள், ஐம்பதுக்கு முதல் அசையில் அழுத்தி மீதியை விழுங்கிவிடுவார்கள். சந்தேகம் வந்தால் ‘ஒன் ஃபைவ்?’ அல்லது ‘ஃபைவ் ஸீரோ?’ என்று கேட்டுவிடலாம். வங்கியில் வேலை செய்கிறவர்களே அப்படித்தான் கேட்பார்கள். ‘வீக்எண்ட்’ என்ற சொல்லுக்கு ஜொகூரில் ஒரு தனிக் கதை உண்டு. 2014 முதல் 2024 முடிய நமக்கு வெள்ளியும் சனியும் வார விடுமுறை. 2025 ஜனவரி 1 முதல் மறுபடி சனியும் ஞாயிறும் ஆகிவிட்டது. பதினோராண்டுக் காலம், பாலத்தின் இந்தப் பக்கம் ஒரு வீக்எண்ட், அந்தப் பக்கம் வேறொரு வீக்எண்ட். தாய்க்கு விடுமுறை என்றால் மகனுக்கு வேலை.

சம்பளச் சிலிப்பில் ஐந்து சொல் போதும். ‘பேசிக்’ அடிப்படைச் சம்பளம். ‘ஓவர்டைம்’ கூடுதல் நேரம். ‘அலவன்ஸ்’ படி, மலாயில் எலாவுன் என்பது இதே சொல்தான். ‘டிடக்‌ஷன்’ பிடித்தம். ஊழியர் சேமநிதிக்கு நம் பங்கு 11 விழுக்காடு பிடித்திருப்பதும், சொக்சோவுக்குப் பிடித்திருப்பதும் இந்த வரிசையில்தான் இருக்கும். ‘நெட்’ என்றால் மீன்பிடி வலை அல்ல. எல்லாம் கழித்துக் கைக்கு வருவது. இந்த ஐந்தையும் தெரிந்துகொண்டு மாதா மாதம் விரலால் தொட்டுப் படித்துப் பார்க்கிற குடும்பத்தைக் கிராணியாரும் மரியாதையாகத்தான் பார்ப்பார்.

மரியாதை என்றதும் இன்னொன்று. தமிழில் நமக்குக் கொடு, கொடுங்கள் என்று வினையின் வாலிலேயே மரியாதை இருக்கிறது. ஆங்கிலத்தில் அது கிடையாது. பிரதமரும் ‘யூ’, பிள்ளையும் ‘யூ’. வாலில் இல்லாத மரியாதையை அவர்கள் ‘பிளீஸ்’, ‘தேங்க் யூ’, ‘எக்ஸ்கியூஸ் மீ’ என்று தனித்தனிச் சொல்லாக வைத்திருக்கிறார்கள். நாம் மனத்துக்குள் மருந்து கொடுங்கள் என்று பணிவாக நினைத்துக்கொண்டு ‘கிவ் மீ மெடிசின்’ என்று மொழிபெயர்த்தால், மருந்து கொடு என்று அதட்டியதாகக் கேட்கிறவர் காதில் விழுகிறது. அவர் முகம் சுளிக்கிறார், நாம் நம் ஆங்கிலம் சரியில்லை என்று கூசிப் போகிறோம். ஆங்கிலம் சரிதான், பிளீஸ் என்ற ஒரு சொல்தான் குறைந்தது.

உறவுமுறையில் நிலைமை தலைகீழ். பெரியப்பா, சித்தப்பா, மாமா எல்லாரையும் ‘அங்கிள்’ என்ற ஒரே சாக்கில் கட்டிவிடுவார்கள். ஆஸ்பத்திரித் தாளில் ‘நெக்ஸ்ட் ஆஃப் கின்’ என்று ஒரு கட்டம் இருக்கும், மலாயில் வாரிஸ். பக்கத்து வீட்டுக்காரர் பெயரை அங்கே எழுதக் கூடாது. நமக்கு ஏதாவது ஒன்றென்றால் கூப்பிட வேண்டிய நெருங்கிய சொந்தக்காரர் பெயர் வேண்டும். நம் பிறப்புப் பத்திரத்தில் பெயருக்கு நடுவே ஏ/எல், ஏ/பி என்று மலாயில் இருப்பதுபோல், பழைய பத்திரங்களிலும் சிங்கப்பூரிலும் எஸ்/ஓ, டி/ஓ என்றிருக்கும். ‘சன் ஆஃப்’, ‘டாட்டர் ஆஃப்’. இன்னாரின் மகன், இன்னாரின் மகள். ஆங்கிலம் தெரியாது என்கிற நம் பெரியவர்கள் பலருக்குப் பெயரின் நடுவிலேயே ஆங்கிலம் உட்கார்ந்திருக்கிறது!

எத்தனை சொல் கற்க வேண்டும் என்று சிலர் கேட்பதுண்டு. மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் வங்காளத்தில் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணி செய்தவர். தாய்மொழி வேறாக உள்ள பிள்ளைகளுக்கு எந்தச் சொற்கள் முதலில் வேண்டும் என்பதையே வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்டார். அவர் 1953-இல் வெளியிட்ட பட்டியலில் ஏறக்குறைய 2,000 சொற்கள் இருக்கின்றன. சாதாரண ஆங்கில எழுத்தில் பெரும்பகுதி அந்த இரண்டாயிரத்துக்குள் அடங்கிவிடும். தடிமனான அகராதியைக் கண்டு மலைக்கத் தேவையில்லை என்பதற்காகச் சொன்னேன். அந்தப் பட்டியலையும் நீங்கள் தேட வேண்டாம். உங்கள் பட்டியல் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது.

செய்ய வேண்டியது இதுதான். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, பக்கத்தை மூன்றாக மடியுங்கள். முதல் மடிப்பில் ஆங்கில எழுத்தைப் போத்தலிலோ தாளிலோ பார்த்தபடி எழுதுங்கள். நடுவில் அதன் ஒலியைத் தமிழில் எழுதுங்கள். காற்று மோதுகிற ‘ப’, ‘க’, ‘ட’ வந்தால் மேலே ஒரு புள்ளிக் குறி போட்டுக்கொள்ளலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள். மூன்றாவதில் பொருள், தமிழிலோ மலாயிலோ. நாளைக்கு மூன்று சொல் போதும். மறுநாள் மடிப்பை மூடிக்கொண்டு சொல்லிப் பாருங்கள், மூன்றாம் நாள் ஒரு தடவை, ஒரு வாரம் கழித்து ஒரு தடவை. கற்றதில் பெரும்பகுதி முதல் ஒன்றிரண்டு நாளிலேயே மறந்துபோகும் என்று எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் தன்னைத்தானே சோதித்துப் பார்த்து 1885-இல் எழுதி வைத்திருக்கிறார். மறப்பது வயதினால் என்று நினைத்து நோட்டை மூலையில் போட்டுவிடாதீர்கள். இளைஞருக்கும் அப்படித்தான் மறக்கும்.

கைப்பேசி வைத்திருப்பவர்கள் எழுத்தை அடித்து ஒலியைக் கேட்டுக்கொள்ளலாம். அது எத்தனை தடவை கேட்டாலும் சலித்துக்கொள்ளாது. பிள்ளைகள் சலித்துக்கொள்வார்கள். பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: அம்மா ‘பேபர்’ என்று சொன்னால் சிரிக்காதீர்கள். நீங்கள் மூன்று மொழியைப் பள்ளியில் உட்கார்ந்து கற்றீர்கள். அவர் மரத்தடியிலும் சந்தையிலும் நின்றுகொண்டே கற்றார்.

அடுத்த இதழுக்குள் ஒரு வேலை. வீட்டிலுள்ள மருந்துப் போத்தல், மாத்திரை அட்டை, தைலம் எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பி, குடிக்கிறவை ஒரு பக்கம், தேய்க்கிறவை ஒரு பக்கம் என்று எழுத்தைப் பார்த்தே பிரியுங்கள். வாசனையைப் பார்த்துப் பிரிக்கக் கூடாது. படிக்க முடியாத சொல் இருந்தால் எழுத்து மாறாமல் அப்படியே எழுதி எனக்கு அனுப்புங்கள், அடுத்த முறை இந்தப் பக்கத்தில் விளக்குகிறேன். காலாவதியானது எத்தனை கிடைத்தது என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும்.